மெதுவாக அடித்தால் மட்டும் பந்து ஏன் விலகுகிறது? பூல் ஆடுபவர்கள் சொல்லுங்கள்

குன்னூரில் இருந்து எழுதுகிறேன். ஸ்னூக்கர் விதிகள் ஊட்டி கிளப்பில் உருவான மலை இது, ஆனால் பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. பாக்கெட்டில் போட வேண்டிய பந்தை ஒட்டி இன்னொரு பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு வெள்ளைப் பந்தை அனுப்பித்தான் குறி பார்க்கிறேன். விட்டம் 57.15 மி.மீ., அதனால் நான் குறி வைக்கும் மையம் தொடும் புள்ளியில் இருந்து சுமார் 28.6 மி.மீ. தள்ளி இருக்கும். பாதிப் பந்தில் பட்டால் வெட்டு, அதாவது வெள்ளைப் பந்து வந்த திசையில் இருந்து அடிபட்ட பந்து திரும்பும் கோணம், 30 டிகிரி, முக்காலில் பட்டால் ஏறக்குறைய 14.5, சைன் கணக்கு அதுதான், காகிதத்தில் போட்டும் பார்த்துவிட்டேன்.

சிக்கல் இதுதான். வேகமாக அடித்தால் அந்த 30 டிகிரி நேராக விழுகிறது. அதே குறியில் மெதுவாகத் தட்டினால் வெட்டு குறைந்து, பந்து பாக்கெட்டின் ஓரத்தில் இடித்து நின்றுவிடுகிறது, ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து பந்து பிசுபிசுக்கும் நாட்களில் இன்னும் மோசம். பந்துக்குப் பந்து உராய்வுதான் காரணம் என்று புரிகிறது. சரி, இதற்குக் குறியை இன்னும் மெல்லியதாக, அதாவது பந்தின் ஓரமாகப் படும்படி வைப்பதா, இல்லை வெளிப்பக்கம் (பந்து திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்) கொஞ்சம் ஸ்பின் கொடுப்பதா? ஸ்பின் என்றால் மையத்தில் இருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள்? அப்புறம், பந்துகளை எதைக் கொண்டு துடைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.