நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்குப் பெண் இயக்குநர் வந்தால் நிதி அறிக்கையின் தரம் கூடுமா?

ஆய்வு மாணவி:
இதுதான் என் எம்.காம். ஆய்வேட்டின் கேள்வி. கூடும் என்று சொல்லும் கட்டுரைகளைப் படித்தேன். ஆனால் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானில், கணக்குகளை மேற்பார்க்கும் இயக்குநர்களின் தணிக்கைக் குழுவிலேயே வென்டி கிராம் என்ற பெண் பொருளியலாளர் இருந்திருக்கிறார்; கணக்கு மோசடி வெளிப்பட்டு 2001இல் நிறுவனம் திவாலானது. எதை நம்புவது?

பழைய ஆடிட்டர்:
தலைகளை எண்ணாதீர்கள் அம்மா. பெண் இயக்குநர் எந்தக் குழுவில் உட்கார்ந்து என்ன கேட்கிறார் என்று பாருங்கள். 26 வருடம் தணிக்கையில் இருந்தேன். ஒரு நிறுவனத்தின் கூட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்று காலாண்டாக லாபம் ஏறியிருந்தது. எல்லோரும் கோப்பை மூடப்போகும் நேரத்தில், புதிதாக வந்திருந்த பெண் இயக்குநர், "லாபம் ஏறுகிறது, வங்கியில் பணம் ஏன் ஏறவில்லை?" என்றார். நிதி அதிகாரி ஏதோ சமாளித்தார். அந்தப் பெண் இயக்குநர் விடவில்லை. வரவேண்டிய பாக்கிகளை எத்தனை நாள் பழையவை என்று பிரித்துக் காட்டச் சொன்னார். ஆறு மாதம் தாண்டிய பாக்கிக்கும் வாராக்கடன் ஒதுக்கீடு, அதாவது வராமல் போகலாம் என்று லாபத்தில் கழித்துவைக்கும் தொகை, இல்லை! ஒதுக்கீடு செய்ததும் அந்தக் காலாண்டின் லாபம் பாதியானது. அதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆய்வு மாணவி:
ஐயா, அவர் கேட்டது பெண் என்பதாலா, புதியவர் என்பதாலா?

புள்ளியியல் ஆசிரியர்:
முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஆடம்ஸ், ஃபெரெய்ரா என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்க நிறுவனங்களை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெண் இயக்குநர்கள் கூட்டங்களுக்கு ஒழுங்காக வருகிறார்கள், தணிக்கைக் குழு போன்ற கண்காணிப்புக் குழுக்களில் அதிகம் இடம்பெறுகிறார்கள் என்று தெரிந்தது. பெண்கள் கூடக்கூட ஆண்களின் வருகையும் சீரானதாம். சரி, ஆனால் ஒழுங்காக நடக்கும் நிறுவனமே பெண்களைத் தேடி அழைத்திருக்கலாமே? அதனால்தான் நார்வேயைப் பாருங்கள் என்கிறேன். இயக்குநர் குழுவில் 40 சதவீதமாவது பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 2003இல் வந்து, 2008 முதல் கண்டிப்பானது. நிறுவனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் குழு மாறியது.

பழைய ஆடிட்டர்:
உங்கள் கேள்விக்கு என்னிடம் நேர்ப் பதில் இல்லை அம்மா. நான் சொன்ன நிறுவனத்தில் யாருக்கும் அந்தப் பெண் இயக்குநர் கடமைப்பட்டிருக்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஆய்வில் தணிக்கைக் குழுவில் இருக்கும் பெண்களைத் தனியாகப் பிரியுங்கள். லாபத்துக்கும் ரொக்க வரவுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலாக வையுங்கள். அப்புறம், நிறுவனத்துக்குள்ளேயே கணக்குகளைச் சரிபார்க்கும் உள்தணிக்கைப் பிரிவின் தலைவர் யாரிடம் அறிக்கை கொடுக்கிறார் என்பதையும் சேருங்கள். 2002இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமின் கணக்கு மோசடியைத் தோண்டி எடுத்த சிந்தியா கூப்பர் இயக்குநர் அல்ல, உள்தணிக்கைத் தலைவர். கண்டதை அவர் தணிக்கைக் குழுவிடம்தான் கொண்டுபோனார்.