ஆச்சி வீட்டுக்கு லீவுக்கு வந்திருக்கேன், காலைல ஜாலி, சாயங்காலம் அழுகை. எங்கயாச்சும் போகலாமா, சொல்லுங்க

சாரல்_பிடிச்சவ:

எல்லாருக்கும் வணக்கம். ஃபைனல் இயர் முடிச்சிட்டு கல்லிடைக்குறிச்சில ஆச்சி வீட்டுக்கு வந்திருக்கேன், அம்மா அப்பா சென்னைல. கேம்பஸ்ல ஆஃபர் கிடைச்சாச்சு ஆனா ஜாயினிங் டேட் தள்ளிக்கிட்டே போகுது, மெயில் போட்டா "விரைவில் தெரிவிக்கிறோம்"னு அதே பதிலு. சரி சென்னைல உக்காந்து வெயில்ல வேகுறதுக்கு இங்கன வந்துருவோம்னு வந்துட்டேன்.

காலைல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாய்க்கால்ல குளியல், ஆச்சி சுடுற தோசை, ஆனி மாசக் காத்து, மலை மேல மேகம் இறங்குறது, எனக்கு வேற ஒண்ணுமே வேண்டாம்னு தோணும். அப்புறம் ஒரு அஞ்சு மணி ஆனா போதும், அப்படியே வயித்துக்குள்ள ஏதோ இறங்குன மாதிரி ஆயிரும். ஃபோனை எடுத்தா ஒருத்தி பெங்களூர்ல ஐடி கார்டு போட்டோ, இன்னொருத்தி ஃபர்ஸ்ட் சேலரில அம்மாவுக்குப் புடவை. நான் தார்சால உக்காந்து கொசு அடிச்சிட்டு இருப்பேன்.

அன்னைக்குத் திருநெல்வேலி போயிட்டு செங்கோட்டை பாசஞ்சர்ல வாரேன், சேரன்மகாதேவி தாண்டினதும் காரணமே இல்லாம அழுகை வந்துட்டு. எதுத்த சீட்ல ஒரு அம்மா மடியில பிச்சிப்பூ கூடையை வச்சு கட்டிக்கிட்டே வந்தாங்க. என்னைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல, வாழைநாரோட ஒரு முனையை எங்கிட்ட நீட்டி "இதக் கொஞ்சம் இழுத்துப் பிடி தாயி"ன்னாங்க. வீரவநல்லூர் வரைக்கும் பிடிச்சிட்டே வந்தேன். இறங்கும்போது ஒரு முழம் கிள்ளிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ஏனோ நல்லாத் தூங்கினேன்.

இப்ப கேள்வி. குற்றாலம், பாபநாசம் எல்லாம் சின்ன வயசுலயே போயாச்சு. கூட்டம் இல்லாம, தனியா ஒரு பொண்ணு போயிட்டு வரக்கூடிய மாதிரி பக்கத்துல என்ன இருக்கு? அப்புறம் இந்த சாயங்காலம் சமாச்சாரம் வேற யாருக்காச்சும் இருக்கா இல்ல எனக்கு மட்டும்தான் கோட்டி பிடிச்சிருக்கா?

பாளை_அண்ணாச்சி:

தங்கச்சி, கோட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ இருக்குத இடம் எப்பேர்ப்பட்ட இடம்னு உனக்கே தெரியல. மொதல்ல சனி ஞாயிறு குற்றாலம் பக்கம் தலை வச்சுப் படுக்காத, சீசன்ல ஐந்தருவில தலை நனையுறதுக்கே லைன்ல நிக்கணும், தண்ணி கூடுச்சுன்னா பேரருவில குளிக்கவும் விட மாட்டாவ. மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கத்தான் போகணும்னா ஒரு செவ்வாக்கிழமை காலைல போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துரு.

நான் சொல்லுதது திருப்புடைமருதூர். வீரவநல்லூர் பக்கத்துலதான். கடனாநதி வந்து தாமிரபரணியில சேருத இடம், படித்துறை, பெரிய பெரிய மருத மரம். அந்த மரத்துல பறவை வந்து தங்குதுன்னு 2005ல 'கன்சர்வேஷன் ரிசர்வ்'னு காப்பகமாவே அறிவிச்சாவ, நாட்டுலயே அந்த வகையில மொத காப்பகம் அதுதான். இப்ப பறவை கம்மியா இருக்கலாம், பரவால்ல. நாறும்பூநாத சுவாமி கோயில் கோபுரத்துக்கு உள்ள நிலை நிலையா சுவரு பூராவும் பழைய ஓவியம், மரச்சிற்பம். நாயக்கர் காலத்து வேலை. சும்மா கீழ நின்னு கும்பிட்டுட்டு வந்துராத. பூட்டித்தான் கிடக்கும், கோயில்ல மரியாதையா கேட்டுப் பாரு, தொறந்து விட்டாவன்னா உன் அதிர்ஷ்டம்.

இன்னொண்ணு, அந்த செங்கோட்டை ரயிலையே விடாத. 2012ல அகலப் பாதை ஆனதுல இருந்து வண்டி வேகமாத்தான் போகுது, ஆனாலும் ஜன்னல் சீட்டு கிடைச்சா சேரன்மகாதேவிக்கு அங்கிட்டு ரெண்டு பக்கமும் வயலும் வாழையும்தான். காருகுறிச்சில நின்னா நாகஸ்வரம் அருணாசலத்தை ஒரு நிமிசம் நெனச்சுக்க, அவரு ஊரு. 1964ல போயிட்டாரு, இன்னைக்கும் எங்க வீட்ல விசேசம்னா மொதல்ல அவரு வாசிப்புதான் ஓடும்.

பார்டர்_பரோட்டா:

அண்ணாச்சி வரலாற்றுப் பாடம் எடுக்காரு ஹாஹா. தங்கச்சி, நீங்க தென்காசி போற ரயில்ல அப்படியே செங்கோட்டை வரை போங்க, பிரானூர் பார்டர்ல பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடுங்க, சால்னாவைப் பாத்ததும் அழுகை எங்க போச்சுன்னு தெரியாது.

அப்புறம் உங்க ஊர் நடராஜர் கதை தெரியும்லா? குலசேகரமுடையார் கோயில்ல இருந்து 1982ல திருடு போயி, ஆஸ்திரேலியா மியூசியத்துல நின்னுட்டு இருந்து 2019லதான் திரும்ப வந்தாரு. சாமியே 37 வருசம் கழிச்சு வந்து சேந்தாரு, உங்க ஜாயினிங் லெட்டர் வராமலா போயிரும்?

மேலப்பாளையம்_டீச்சர்:

எல்லாரும் இடத்தைச் சொல்லுதீய, அந்தப் பிள்ள கேட்ட ரெண்டாவது கேள்வியை யாரும் தொடல. பரோட்டா தின்னா சரியாப் போகும்னு சொல்லுறது எல்லாம் எனக்கு எரிச்சலா இருக்கு தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க.

இங்க பாரும்மா, காலைல நீ வாய்க்கால்ல இருக்க, ஆச்சி கூட இருக்க, கையில வேலை இருக்கு. சாயங்காலம் ஃபோன் கூட இருக்க. அஞ்சு மணியோட தப்பு ஒண்ணும் இல்ல. அந்தப் பூக்காரம்மா உங்கிட்ட ஆறுதல் ஒண்ணும் சொல்லல, நாரைக் கையில குடுத்தாங்க, அவ்வளவுதான். அந்த நேரத்துக்குக் கைக்கு ஏதாச்சும் வேலை வை. உங்க ஊரு அப்பளத்துக்குப் பேர் போன ஊரு, யார் வீட்டுலயாச்சும் அப்பளம் இடுறாங்கன்னா போயி பக்கத்துல உக்காரு, தேய்க்கச் சொல்லித் தருவாங்க. இல்லைன்னா ஆச்சிகிட்ட சொதி வைக்கக் கத்துக்க. முதல் பால், ரெண்டாம் பாலுன்னு தேங்காய் பிழியவே அரை மணி நேரம் ஓடிரும், இஞ்சிப் பச்சடியும் அரைச்சா ராத்திரிச் சாப்பாடு நேரமே வந்துரும்.

எங்கிட்டப் படிச்ச பிள்ளைகளுக்கும் இதே கதைதான், ஆஃபர் லெட்டரை வச்சிக்கிட்டு மாசக்கணக்கா காத்திருந்துச்சுக. சிலதுகள் அந்த நேரத்துல இன்னொரு இடத்துக்கும் அப்ளை பண்ணிச்சு. நீயும் பண்ணு, ஒரே கம்பெனியையே கும்பிட்டுக்கிட்டு இருக்காத.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் சரியில்ல, சோறு இறங்கல, எதுலயும் மனசு ஒட்டலன்னா மட்டும் தயவுசெஞ்சு தள்ளிப் போடாத. 14416ன்னு அரசாங்க மனநல உதவி எண் இருக்கு, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. இப்ப நீ சொல்லுறதப் பாத்தா அந்த அளவுக்குத் தெரியல, இருந்தாலும் நம்பர் கையில இருக்கட்டும்.

பார்டர்_பரோட்டா:

டீச்சர் சொன்னா சரிதான், சாரி. ஆனா பரோட்டா கருத்தை வாபஸ் வாங்க மாட்டேன்.

சாரல்_பிடிச்சவ:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். டீச்சர், தூக்கம் பரவால்ல, சாப்பாடு எல்லாம் கூடத்தான் உள்ள போகுது, ஆச்சி விட்டாத்தான. நம்பரை சேவ் பண்ணி வச்சுக்கிட்டேன். நேத்து சாயங்காலம் ஃபோனை அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டு ஆச்சி கூட தேங்காய் திருவ உக்காந்தேன், "ஏட்டி இத்தனை நாளா எங்க போயிருந்த"ன்னு கேட்டா. சொதில பால் திரிஞ்சு போச்சு, ஆனா ஆச்சி நல்லாருக்குன்னு சொல்லி ரெண்டாந்தடவை ஊத்திக்கிட்டா. ராத்திரி ஒம்பது மணிக்கு ஃபோனை எடுத்துப் பாத்துட்டு லேசா மூக்கை உறிஞ்சினேன்தான், பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி, திருப்புடைமருதூர் பேரைச் சொன்னதும் ஆச்சி நானும் வாரேன்னு கிளம்பிட்டா. கல்யாணம் ஆன புதுசுல தாத்தா கூட போனதாம், அதுக்கப்புறம் போகவே இல்லையாம். எனக்கு இது வரைக்கும் இப்படி ஒரு கதை இருக்குன்னே தெரியாது. அவளுக்கு முட்டு வலி, கோபுரத்துல ஏற முடியுமா? பஸ்ல போகலாமா ஆட்டோ பேசவா?

பாளை_அண்ணாச்சி:

ஆச்சிய கோபுரத்துல ஏத்திராத தாயி, உள்ள படி குறுகல், நிலைக்கு நிலை செங்குத்தா போகும். அவியள படித்துறைல மருத மர நெழல்ல உக்கார வச்சிட்டு நீ மட்டும் ஏறு. பஸ் இருக்கு, ஆனா விட்டா அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் நிக்கணும்னு சொல்ல முடியாது, ஆச்சியோட போறதுனால வீரவநல்லூர்ல இறங்கி ஆட்டோ பேசிக்கோ, போகவும் வரவும் சேத்துப் பேசு, காத்திருக்கச் சொல்லி முன்னாடியே ரேட்டைக் கேட்டுரு. காலைல வெள்ளனக் கிளம்பு, மத்தியானம் நடை சாத்திருவாவ.