நல்ல கதை படித்தால் பொறாமையில் எழுதவே வரவில்லை, உங்களுக்கும் இப்படித்தானா?

பின்னிரவு:
சிறுகதை எழுதுகிறேன், சில இணைய இதழ்களில் வந்திருக்கிறது. என் வயதுக்காரர் ஒருவர் (பெயர் வேண்டாமே) எழுதுவதைப் படித்தால் முதலில் "அட, என்னமாய் எழுதியிருக்கிறார்" என்று சந்தோஷம், அடுத்த நிமிடம் வயிற்றெரிச்சல், அப்புறம் என் ஃபைலைத் திறந்தால் எழுதி வைத்ததெல்லாம் சப்பென்று தெரிகிறது. புதுமைப்பித்தனைப் படிக்கும்போது இப்படி ஆவதில்லை, அவர் வேறு உயரம் என்று மனசு ஒத்துக்கொண்டுவிடுகிறது. கூட எழுதுகிறவர்கள்மேல்தான் எரிச்சல். எழுதும் சமயத்தில் யாரையும் படிக்காமல் இருந்துவிடலாமா?

பழைய புத்தகக் கடை:
நிறுத்தாதீர்கள். ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃப் கதை தெரியுமா? அவருக்குத் தன் காலத்துச் சிறுகதை எழுத்தாளர் கேதரின் மேன்ஸ்ஃபீல்டுமேல் இதே எரிச்சல்தான். 1918இல் மேன்ஸ்ஃபீல்டின் நீண்ட கதை ஒன்றைத் தங்கள் சொந்த அச்சகத்தில் வுல்ஃபே ஈய எழுத்துக் கோத்துப் புத்தகமாக்கினார், அதே வருடம் அவருடைய இன்னொரு கதையைப் பத்திரிகையில் படித்துவிட்டு "இவள் கதை முடிந்தது" என்று டைரியில் எழுதினார். போட்டியாளர் சறுக்கினால் வரும் அற்ப சந்தோஷம் அவரையும் விடவில்லை பாருங்கள்! ஆனால் 1923 ஜனவரியில் காசநோயால் மேன்ஸ்ஃபீல்டு 34 வயதில் இறந்தபோது, தான் பொறாமைப்பட்ட ஒரே எழுத்து அவருடையதுதான் என்று அதே டைரியில் ஒப்புக்கொள்கிறார், இனி எழுதி என்ன பயன், கேதரின் படிக்கப் போவதில்லையே என்றும் சொல்கிறார். எரிச்சல் மூட்டிய ஆளைத்தான் மனசுக்குள் முதல் வாசகியாக வைத்திருந்திருக்கிறார். உங்கள் வயதுக்காரரும் உங்களுக்கு அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறுக்கே ஒருவன்:
எல்லாம் சரி நண்பரே, எரிச்சல் அவர் எழுத்தின்மேலா, அவருக்குக் கிடைக்கும் லைக்கின்மேலா, விருதின்மேலா? முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். ஃபேஸ்புக்கை மூடினாலே பாதி அடங்கிவிடும் என்பது என் எண்ணம். மிச்சம் இருந்தால் அது எழுத்தின்மேல் உள்ளது, அதை வைத்து ஏதாவது செய்யலாம்.

மேசை விளக்கு:
அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதற்கு அமெரிக்கத் தலைவரும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் செய்ததைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. சிறுவயதில் பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் வேலை. லண்டனிலிருந்து வந்த ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் ஒரு தொகுதி கையில் கிடைத்தது, அந்த நடை தனக்கும் வரவேண்டும் என்று ஆசை. ஒரு கட்டுரையை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு மட்டும் எழுதிக்கொள்வார், சில நாள் கிடப்பில் போடுவார், பிறகு மூலத்தைப் பார்க்காமல் குறிப்பை வைத்தே கட்டுரையைத் தன் வார்த்தையில் எழுதி, ஒப்பிட்டுத் திருத்துவார். அப்போதுதான் தனக்குச் சொல்வளம் போதவில்லை என்பது தெரிந்தது, அதற்காகக் கட்டுரைகளைச் செய்யுளாக்கி மறுபடி உரைநடையாக்கிப் பழகினார். "அவன் நன்றாக எழுதுகிறான்" என்கிற மொத்தமான எரிச்சலால் ஒன்றும் ஆகாது. எந்தப் பத்தியில் எரிந்தது என்று தேடி, அந்தப் பத்தியை இப்படிச் செய்து பாருங்கள்.

பின்னிரவு:
செய்து பார்க்கிறேன். ஒரு சந்தேகம், அப்படியே செய்துகொண்டு போனால் நான் அவருடைய நகலாகிவிட மாட்டேனா?

தஞ்சாவூர்க்காரி:
தம்பி, நம் ஆட்கள் பெயரிலேயே நகல் என்று போட்டுக்கொண்டவர்கள். பாரதி ஆரம்பத்தில், ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் பெயரை வைத்து, ஷெல்லிதாசன் என்ற பெயரில் எழுதியவர். புதுச்சேரியில் அவரோடு பழகிய கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அவரைப் பார்த்து ராஜகோபாலன் சுப்புரத்தினதாசன் என்று வைத்துக்கொண்டார், அதன் சுருக்கம்தான் சுரதா. மூன்று பேரில் யார் யாருக்கு நகல், சொல்லுங்கள்? சுரதாவுக்கு உவமைக் கவிஞர் என்று தனிப் பட்டமே இருக்கிறது. இன்னும் பின்னால் போனால் கம்பர், வால்மீகி சொன்ன கதையைத் தானும் சொல்ல வந்ததை, பாற்கடலை முழுக்க நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனை என்று தன்னைக் கேலி செய்துகொண்டே ஆரம்பிக்கிறார், ஆனால் பாடாமல் விட்டாரா?

வுல்ஃப் பற்றிச் சொன்னவருக்கு ஒன்று சேர்க்கிறேன். பொறாமையால் மேன்ஸ்ஃபீல்டுக்குக் கடிதம் எழுதுவதே கஷ்டமாக இருந்தது என்றும் அந்த டைரியில் இருக்கிறது. அதனால் தம்பி, பயிற்சியெல்லாம் பிறகு, முதலில் அந்த வயதுக்காரருக்கு ஒரு மெயில் போடுங்கள். "அருமை, வாழ்த்துகள்" வேண்டாம், அதை எல்லோரும் அனுப்புவார்கள். எந்தக் கதையில் எந்த இடம், அங்கே என்ன செய்திருக்கிறார் என்று நான்கு வரி எழுதுங்கள். அதை எழுத உட்காரும்போதே அவர் எப்படிச் செய்தார் என்பது உங்களுக்குப் பாதி விளங்கிவிடும்.