ரசாயன ஆயுதம் வீசிய நாட்டின் மீது படையெடுக்கலாமா?

தேவகோட்டைப் பொண்ணு:
காரைக்குடியில் எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்துக்கு இதுதான் தலைப்பு. படையெடுப்பது நியாயமே என்ற அணியில் என்னைப் போட்டிருக்கிறார்கள். 2013 ஆகஸ்ட் 21 அன்று சிரியாவின் கூட்டா பகுதியில் சாரின் என்ற, நரம்பைத் தாக்கும் விஷத்தை வீசியதைப் படித்ததிலிருந்து, எதிரணிக்குப் பேச என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. பெரியவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரர்:
ஆத்தா, 1991 வளைகுடாப் போரின்போது நான் சவுதியில் தம்மாமில் வேலையில் இருந்தேன். சங்கு ஊதினால் ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டி, கதவடியில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருப்போம். இராக் அதிபர் சதாமின் ஏவுகணையில் விஷவாயு இருக்கும் என்று பயம். நல்லவேளை, இல்லை. அதனால், இதுவும் மற்ற குண்டு மாதிரிதானே என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. சாரின் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் இறங்கும். கூட்டாவில் ஷெல்லடிக்குப் பயந்து நிலவறைக்குள் போனவர்களை அங்கேயே பிடித்தது.

ஆனாலும் படையெடுப்பு சரி என்று சொல்ல மாட்டேன். அப்போது அமெரிக்கா அடிக்கத் தயாரானது. கூடச் சேர பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 285-க்கு 272 என்ற வாக்கில் மறுத்தது. அப்புறம் ரஷ்யா நடுவில் வந்தது, சிரியா ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, சுமார் 1,300 டன் ரசாயன ஆயுதச் சரக்கு நாட்டை விட்டு வெளியேறியது. ஏவுகணையால் இது நடக்குமா? கிடங்கில் குண்டு விழுந்தால் பக்கத்து ஊர் என்ன ஆகும்?

காரைக்குடி வாத்தியார்:
அண்ணே, மிரட்டாமல் அப்போதைய சிரியா அதிபர் அசாத் இறங்கி வந்திருப்பாரா? 1988-ல் இராக்கின் ஹலப்ஜாவில் சுமார் 5,000 குர்து மக்களைச் சதாம் விஷவாயு வீசிக் கொன்றபோது உலகம் சும்மாதான் இருந்தது. சிரியாவிலும் எல்லாம் கொடுத்தாயிற்று என்றார்கள். 2017 ஏப்ரலில் அங்கே கான் ஷேக்கூன் ஊரில் மறுபடி சாரின்.

பள்ளத்தூர்க்காரர்:
மிரட்டல் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் கான் ஷேக்கூனுக்காக டிரம்ப் சிரியாவின் ஷைராத் விமானத்தளத்தின் மீது 59 டோமஹாக் ஏவுகணை ஏவினாரே, அடுத்த ஏப்ரலில் அதே நாட்டில் தூமாவில் குளோரின் வாயு விழுந்தது. 2003-ல் இராக்குக்குள் நுழைந்ததும் இதே காரணத்தைச் சொல்லித்தான். சொன்ன ஆயுதக் குவியல் அகப்படவே இல்லை, செத்தது அந்த ஊர் சனம். ஐ.நா. பாதுகாப்புச் சபையைத் தாண்டி அடிக்கலாம் என்று விட்டுவிட்டால், அடுத்து யார் எதைச் சொல்லி நுழைவார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

நீ உன் அணியிலேயே பேசு, ஆத்தா. எதுவரை அடிப்பது என்பதை மட்டும் முதலிலேயே வரையறுத்துக்கொள். நடுவர் அங்கேதான் பிடிப்பார்.

தேவகோட்டைப் பொண்ணு:
சரிங்க ஐயா. ஆயுதம் இருக்கிறதா என்று சோதிக்க வரும் ஆய்வாளர்களை உள்ளே விட மறுக்கும் அரசின் மீது மட்டும், அதுவும் விமானத்தளங்களை மட்டும் என்று வைத்துக்கொண்டால் நிற்குமா?