முன்கண்ணாடிக்கு மழைநீர் ஒட்டாப் பூச்சு: எதை வாங்குவது?

செங்கை வாசி:
வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் காரின் முன்கண்ணாடிக்கு நீர் ஒட்டாப் பூச்சு போட எண்ணுகிறேன். தினமும் ஜிஎஸ்டி சாலை நெரிசலில் தாம்பரம் வரை ஊர்ந்து செல்லும் எனக்கு ரெயின்-எக்ஸ் போன்ற சிலிகோன் வகை போதுமா, விலை கூடிய ஃபுளோரின் வகை வேண்டுமா?

பட்டறைக்காரர்:
சிலிகோன் வகையைப் பூசுவது எளிது. ஆனால் வைப்பர் தேய்ப்பில் விரைவில் மங்கிவிடும். அக்வாபெல் போன்ற ஃபுளோரின் வகை கண்ணாடியோடு வேதிப் பிணைப்புக் கொள்வதால் மாதக்கணக்கில் நிற்கும். எதுவானாலும், எண்ணெய்ப் படலத்தையும் உப்புக்கறையையும் கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பசையால் தேய்த்து நீக்கி, தெளித்த தண்ணீர் முத்தாகத் திரளாமல் சீராகப் பரவும் நிலை வந்த பிறகே பூச வேண்டும். பலர் இதைச் செய்யாமல் பூச்சைக் குறை சொல்கிறார்கள்.

இரவு ஓட்டி:
பூச்சு போட்ட கண்ணாடியில் முத்தாகத் திரளும் துளிகளைக் காற்று தள்ளிவிட மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். ஊர்ந்து செல்கையில் அவை அப்படியே நின்று எதிர் வண்டியின் விளக்கொளியைச் சிதறடிக்கும் என்பதால், உங்களுக்கு முதல் செலவு புது வைப்பர் பிளேடுதான் என்பேன்.

செங்கை வாசி:
பூசிய பிறகு வைப்பர் 'டக டக' என்று குதிக்குமாமே?

பட்டறைக்காரர்:
மிச்சப் பூச்சு திட்டாகப் படிந்திருந்தால் குதிக்கும். கண்ணாடியை ஈரத்துணியாலும், பிளேடின் ஓரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்துவிடுங்கள்.