செலெக்ட், போல், ஈபோல்: பொதுச்சொல்லாக ‘ஆயத்த வினவல்’ பொருந்துமா?

> ‘உள்ளீட்டு இருப்பு காணல்’ என்று வைக்கலாமே. பொருத்துவாயில் (சாக்கெட், அதாவது வலை இணைப்பின் நிரல் முனை) தரவு வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதானே போல் செய்யும் வேலை?

வணக்கம். செலெக்ட், போல், ஈபோல் மூன்றும், பல இணைப்புகளில் எது படிக்கவோ எழுதவோ தயார் என்று கெர்னலிடம் (இயங்குதளத்தின் கரு) கேட்கும் அழைப்புகள்; அவற்றுக்குப் பொதுவான தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘இருப்பு’ என்ற சொல்லில்தான் எனக்குத் தயக்கம். போல்இன் கொடி (‘படிக்கலாம்’ என்ற அடையாளம்) எப்போதெல்லாம் எழுகிறது என்று பாருங்கள். தரவு வந்தால் எழும். மறுமுனை இணைப்பை மூடினாலும் எழும். அப்போது ரீட் அழைத்தால் 0 தான் திரும்பும், படிக்க ஒரு பைட்டும் இராது. லிசன் செய்யும் (புது இணைப்புகளுக்குக் காத்திருக்கும்) பொருத்துவாயில் புது இணைப்பு வரிசையில் நின்றாலும் அதே கொடிதான். அங்கே அழைக்க வேண்டியது ரீட் அல்ல, இணைப்பை ஏற்கும் அக்செப்ட். ‘இப்போது அழைத்தால் காத்திருக்க நேராது’ என்பதை மட்டுமே கெர்னல் சொல்கிறது. ‘இருப்பு’ என்று படித்தவர் 0 வந்ததும் மூடாமல் விட்டுவிடுவார். போல் உடனுக்குடன் திரும்பிக்கொண்டே இருக்கும், சிபியு 100 விழுக்காட்டில் ஓடும்.

எழுதும் பக்கமும் இப்படியே. அனுப்பு பஃபரில் (அனுப்பக் காத்திருக்கும் தரவுக்கான நினைவிடம்) இடம் பெரும்பாலும் இருப்பதால் ‘எழுதலாம்’ என்னும் போல்அவுட் கொடி அநேகமாக எப்போதும் எழுந்தே நிற்கும். செண்ட் முழுதாகப் போகாமல் மிச்சம் இருக்கும்போது மட்டும் அதைக் கேட்க வேண்டும், தீர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். காத்திராத கனெக்ட் ஈஇன்பிராக்ரஸ் (‘இணைப்பு இன்னும் முடியவில்லை’) தந்தால், இணைப்பு வென்றாலும் தோற்றாலும் போல்அவுட் எழும். எது நடந்தது என்பதை பொருத்துவாயின் பிழைக்குறியான எஸ்ஓ_எரர் மதிப்பைப் பார்த்துத்தான் அறியலாம். இவ்வளவையும் தாங்கும் சொல் ‘ஆயத்தம்’. ஆகவே ‘ஆயத்த வினவல்’.

——

> ஆகவே ‘ஆயத்த வினவல்’.

‘ஆயத்தம்’ மிகச் சரி. ‘வினவல்’ வேண்டாம் என்பேன். வன்பொருள் பாடத்தில், சாதனத்தின் நிலையைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சுற்றுவதற்கு அந்தச் சொல் தேவை. இங்கே நடப்பது வேறு: காலவரம்பு -1 என்றால் நிரல் ஒருமுறை கேட்டுவிட்டுத் தூங்கும், நிகழ்வு வந்ததும் கெர்னல் எழுப்பும். 0 என்றால் பார்த்த கையோடு திரும்பும். 2500 (மில்லிநொடி) என்றால் இரண்டரை நொடி வரை நிற்கும். மூன்றுக்கும் பொதுவாக ‘ஆயத்தமறிதல்’ எனலாம்.

முன்னொட்டாகத் ‘தடைபடா’ (நான்-பிளாக்கிங்) சேர்ப்பதையும் விட்டுவிடுவோம். காத்திராமை என்பது ஓ_நான்பிளாக் (‘காத்திராதே’ என்ற அமைப்பு) வைத்த பொருத்துவாயின் குணம். போல் தானே காத்திருக்கக்கூடிய அழைப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால், போல் அழைத்தாலே போதும், ஓ_நான்பிளாக் தேவையில்லை என்று படிப்பவர் நினைப்பார். லினக்ஸில் அது ஆபத்து. யூடிபி (இணைப்பின்றி அனுப்பும் நெறிமுறை) பொட்டலம் வந்ததும் ஆயத்தம் என்று சொல்லிவிட்டு, பிறகு செக்சம் (பிழையறியும் கூட்டுத்தொகை) தவறென்று கெர்னல் அதை வீசிவிடக்கூடும். ரீட் அங்கேயே நின்றுபோகும். ஓ_நான்பிளாக் இருந்தால் ஈஅகெய்ன் (‘இப்போது எதுவுமில்லை, பிறகு வா’) திரும்பும், நிரல் அடுத்த வேலையைப் பார்க்கும். ‘தடுத்தல்’ ஃபயர்வாலுக்கே இருக்கட்டும். ‘காத்திராப் பொருத்துவாய்’, ‘ஆயத்தமறிதல்’ என இரு தனிச்சொற்கள்.

——

> ‘காத்திராப் பொருத்துவாய்’, ‘ஆயத்தமறிதல்’

ஏற்கிறேன், ‘வினவல்’ போகட்டும். அழைப்புகளின் பெயரை ஒலிபெயர்ப்பிலேயே விடுவோம்; 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்த செலெக்டைத் ‘தெரிவு’ என்றால் யாருக்கும் புரியாது. விளக்கக் குறிப்பில் ஒரு வரி மட்டும் சேருங்கள்: கிளிப்சியில் (லினக்ஸின் சி நூலகம்) செலெக்டுக்கு எஃப்டி_செட்சைஸ் (விவரிப்பான் எண்களின் வரம்பு) 1024. எண் 1023-ஐத் தாண்டிய விவரிப்பானை (திறந்த கோப்பு அல்லது பொருத்துவாயின் எண்) எஃப்டி_செட்டில் (செலெக்ட் கவனிக்கும் பட்டியல்) வைத்தால் நினைவகத்தில் வேறு எதையோ அழிக்கும். போலில் அந்த வரம்பு இல்லை.

மீதி இருப்பது ஈபோலின் இரு முறைகள். ‘விளிம்புத் தூண்டல்’ (எட்ஜ்-டிரிகர்டு) சொல்லுக்குச் சொல் சரி, பொருள்தான் ஏறவில்லை. ஆயத்தமாக இருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பதை ‘நிலையறிவிப்பு’ என்றும், புதிதாக ஏதேனும் வந்தால் மட்டும் சொல்வதை ‘மாற்ற அறிவிப்பு’ என்றும் வைக்கலாம். பின்னதில் ஈஅகெய்ன் வரும்வரை படித்துத் தீர்க்க வேண்டும்; 4096 பைட் வந்து 1024 மட்டும் படித்துவிட்டு ஈபோல்_வெயிட்டுக்குத் திரும்பினால், அடுத்த பொட்டலம் வரும்வரை மிச்சத்தைப் பற்றி அறிவிப்பே வராது. ‘மாற்ற அறிவிப்பு’ என்ற பெயரிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.