உதவி: ஃபிளாப் இறக்கினா எல்லாமே நின்னுடுது, இடது எய்லரான் நடுங்குது

நீலவானம்:
வணக்கம் நண்பர்களே. என் ரிமோட் மாடல் விமானத்தை ஞாயிற்றுக்கிழமை பறக்க விடணும், சீக்கிரம் யாராவது சொல்லுங்க. இடது எய்லரான் (இறக்கை ஓர மடல்) ஆட்டற குட்டி மோட்டார், அதான் சர்வோ, நடுங்கிட்டே இருக்கு, புதுசு மாத்தியும் அப்படியேதான். சில நேரம் ஃபிளாப் (தரையிறங்கும்போது இறக்கற உள்பக்க மடல்) இறக்கினதும் எதுவுமே வேலை செய்யறதில்ல, கொஞ்ச நேரத்துல தானா வந்துடுது. எந்த சர்வோ வாங்கினா சரியாகும்?

ஃபோம்போர்டு_ரவி:
எந்த விமானம், எத்தனை சர்வோ, எந்த ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்கற பெட்டி), எத்தனை செல் பேட்டரி, ரிசீவருக்கு கரண்ட் எங்கிருந்து வருது? இதெல்லாம் இல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாது ப்ரோ.

பால்சாமரம்:
நடுக்கம்னா பெரும்பாலும் சர்வோ உள்ள இருக்கற பொட்டென்ஷியோமீட்டர்தான் (தண்டு எங்க நிக்குதுன்னு சொல்ற பாகம், சுருக்கமா பொட்). ஸ்டிக்கோட நடு நிலையிலதான் சர்வோ அதிக நேரம் நிக்கும், அதனால கார்பன் தடம் அங்கதான் முதல்ல தேயும். சர்வோ டெஸ்டர்ல மாட்டி மெதுவா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டிப் பாருங்க. எப்பவும் ஒரே இடத்துல உதறினா பொட் போச்சு. மெட்டல் கியர் சர்வோவுக்கு மாறிடுங்க.

வயரிங்மணி:
மெட்டல் கியர் போட்டா பல் உடையாது, சரி. பொட் தேயறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் அவர் புது சர்வோ மாத்தியும் அப்படியேதான்னு எழுதியிருக்கார்.

சீனியர்ஃப்ளையர்:
தம்பி, கேள்வி கேட்கும் முன் அறிகுறியைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். இது பாலபாடம். ஒரு சர்வோ மட்டும் தகராறு செய்தால் அந்த சர்வோ, அதன் வயர், அதன் சேனல். எல்லாம் ஒன்றாக நின்றால் மின்சாரம் அல்லது சிக்னல். நீங்கள் இரண்டையும் ஒரே வியாதியாக நினைத்துக் கடைக்குக் கிளம்புகிறீர்கள். இதை இங்கே எத்தனை முறை எழுதுவது?

ஃபோம்போர்டு_ரவி:
ஐயா சொல்றது சரிதான், ஆனா புதுசா வர்றவங்க கேட்கத்தானே செய்வாங்க. நீலவானம், எல்லாம் நிக்கும்போது ரிசீவர் விளக்கு அணைஞ்சு திரும்ப எரியுதா? மோட்டார் புதுசா பேட்டரி மாட்டினப்ப வர்ற அதே பீப் சத்தம் போடுதா?

நீலவானம்:
ஆமா, பீப் சத்தம் வருது! அது பிரச்சனைன்னு தெரியாததால சொல்லல. 1.2 மீட்டர் ஃபோம் ட்ரெய்னர். எய்லரான் 2, ஃபிளாப் 2, வால்ல எலிவேட்டர், ரட்டர், எல்லாம் 9 கிராம் சர்வோ. எய்லரானும் ஃபிளாப்பும் ஒய்-கேபிள்ல (ரெண்டு சர்வோவை ஒரே சேனல்ல சேர்க்கற வயர்). ஐஏ6பி ரிசீவர், 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற சர்க்யூட்). முன்னாடி 3எஸ் (3 செல் பேட்டரி) போட்டப்ப இந்தத் தொல்லை இல்ல, இப்ப 4எஸ்.

வயரிங்மணி:
இந்தக் கடைசி வரி முதல் பதிவுல வந்திருக்கணும்! இது பிஇசி, அதாவது இஎஸ்சிக்குள்ளயே இருந்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் குடுக்கற பகுதி. இஎஸ்சி மேல "பிஇசி 5 வோல்ட் 2 ஆம்பியர், லீனியர்"னு போட்டிருக்கும், பாருங்க. லீனியர் பிஇசி மிச்ச வோல்டேஜை அப்படியே சூடா எரிச்சுத் தள்ளும். 3எஸ் முழு சார்ஜ் 12.6 வோல்ட், 1 ஆம்பியர் இழுத்தா 7.6 வாட் சூடு. 4எஸ் 16.8 வோல்ட், அதே 1 ஆம்பியருக்கு 11.8 வாட். தபால்தலை அளவு சிப் இதைத் தாங்காது, சூட்டுப் பாதுகாப்புல அணைஞ்சிடும், ஆறினதும் எழும். இந்த மாதிரி இஎஸ்சியில பெரும்பாலும் அதோட சொந்த மூளையும் அதே 5 வோல்ட்லதான் ஓடும். அதான் மோட்டார் மறுபடி பீப் அடிக்குது. செல் கூடக் கூட சர்வோ எண்ணிக்கை குறையணும்னு இஎஸ்சி கையேட்டுலயே அட்டவணை இருக்கும்.

இன்னொண்ணு, ப்ராப்பை (ப்ரொப்பெல்லர்) மாத்தினீங்களா? அதே ப்ராப்பை 4எஸ்ல சுத்தினா மோட்டார் கரண்ட் ஏறக்குறைய ஒண்ணே முக்கால் மடங்கு ஆகும். 3எஸ்ல 18 ஆம்பியர்னா இப்ப 32. இஎஸ்சியே கொதிக்கும், அந்தச் சூடும் பிஇசி தலையிலதான்.

பால்சாமரம்:
ரிசீவர்ல காலியா இருக்கற சேனல்ல 4700 மைக்ரோஃபேரட், 10 வோல்ட் லோ-இஎஸ்ஆர் (உள் தடை கம்மியான) கெப்பாசிட்டர் ஒண்ணு சொருகுங்க. தலைகீழா மாட்டினா வெடிக்கும், நெகட்டிவ் கோட்டைப் பார்த்து மாட்டுங்க. வேலை முடிஞ்சுது.

வயரிங்மணி:
முடியாது. கணக்குப் போடுங்க: 4700 மைக்ரோஃபேரட், 2 ஆம்பியர் இழுத்தா 1 வோல்ட் இறங்க 2.35 மில்லிவினாடிதான். பிஇசி ஒரு வினாடி அணைஞ்சா கெப்பாசிட்டர் என்ன செய்யும்?

பால்சாமரம்:
டிஜிட்டல் சர்வோ கிளம்பும்போது வர்ற இழுப்பு மில்லிவினாடிக் கணக்குலதான் இருக்கும். அங்க அது கண்டிப்பா உதவும். பெரிய விமானங்கள்ல போடறாங்களே, சும்மாவா போடறாங்க?

சீனியர்ஃப்ளையர்:
அங்கே பிஇசி போதுமான அளவில் இருக்கும். அதற்கு மேல் பாதுகாப்பாகத்தான் கெப்பாசிட்டர். இவரிடம் அடிப்படையே இல்லை. 9 கிராம் சர்வோ ஒன்று முட்டி நின்றால் 0.6, 0.7 ஆம்பியர் இழுக்கும். ஆறும் முட்டினால் 4 ஆம்பியரைத் தொடும்.

பால்சாமரம்:
ஆறும் ஒரே நேரத்துல முட்டுமா ஐயா? காகிதத்துல மட்டும்தான் அப்படி.

ஃபோம்போர்டு_ரவி:
கெப்பாசிட்டர் சண்டைக்குத் தனி இழை போடுங்க, இவர் ஞாயிறு பறக்கணும். நீலவானம், இதைச் செய்யுங்க. முதல்ல ப்ரொப்பெல்லரைக் கழட்டிடுங்க, இதை விட்டுடாதீங்க. ஃபிளாப்பை முழுசா இறக்கி, சர்வோ பக்கத்துல காது வெச்சுக் கேளுங்க. 'ங்ங்'னு முனகினா அது எங்கயோ முட்டி நிக்குது. புஷ்ராடைக் (சர்வோவையும் மடலையும் இணைக்கற கம்பி) கழட்டினதும் சத்தம் நின்னா ஹிஞ்ச்லயோ (மடலோட கீல்) ஹார்ன்லயோ (மடல்ல கம்பி மாட்டற கொம்பு) இறுக்கம். டிரான்ஸ்மிட்டர்ல எண்ட்-பாயிண்ட்டைக் (சர்வோ போற கடைசி எல்லை) குறைங்க, இல்ல புஷ்ராடை ஹார்ன்ல வெளி ஓட்டைக்கு மாத்துங்க. ஒய்-கேபிள்ல ரெண்டு ஃபிளாப் இருக்கறதால ஒரு பக்கம் முட்டினாலும் மறுபக்கத்தைத் தனியா சரிக்கட்ட முடியாது, புஷ்ராடு நீளத்துலதான் சமப்படுத்தணும்.

அப்புறம் 6-ஆவது சேனல்ல மல்டிமீட்டர் வெச்சு எல்லா ஸ்டிக்கையும் ஆட்டுங்க. 4.5 வோல்ட்டுக்குக் கீழ போனா சந்தேகமே வேண்டாம். போகலைன்னாலும் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, மில்லிவினாடிச் சரிவை மல்டிமீட்டர் காட்டாது.

வயரிங்மணி:
தீர்வு: 5 வோல்ட், 3 ஆம்பியர் அல்லது அதுக்கு மேல ஸ்விட்சிங் யுபிஇசி (தனியா மாட்டற, சூடு கம்மியான பிஇசி). பேட்டரி வயர்ல இருந்து எடுத்து ரிசீவரோட பி/விசிசி போர்ட்ல சொருகணும். இஎஸ்சியில இருந்து வர்ற த்ராட்டில் பிளக்ல நடு சிவப்பு கம்பியை மட்டும் ஊசியால நெம்பி எடுத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டு மடிச்சு வைங்க. ரெண்டு பிஇசி ஒண்ணோட ஒண்ணு மோதக் கூடாது. கறுப்பை எடுத்துடாதீங்க, அது இல்லாம த்ராட்டில் சிக்னல் சரியா போகாது.

இடது எய்லரான் வேற கேஸ். ஒய்-கேபிள்ல இடதையும் வலதையும் மாத்திச் சொருகுங்க. ஒய்-கேபிள் கால் மோசம்னா நடுக்கம் வலது பக்கம் போயிடும். இடதுலயே இருந்தா இறக்கைக்குள்ள போற எக்ஸ்டென்ஷன். அந்த பிளக் ஊசி உள்ள தளர்ந்து பின்னுக்குப் போயிருக்கும், ஒவ்வொண்ணா இழுத்துப் பாருங்க.

சீனியர்ஃப்ளையர்:
சூட்டுப் பசையால் சர்வோவை நேரடியாக ஒட்டியிருந்தால் அதையும் பார்க்கவும். வெளித்தண்டு அருகே பசை கசிந்தால் கியர் இறுகும்.

நீலவானம்:
ஃபிளாப் வலது பக்கம் முட்டிட்டு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன். எக்ஸ்டென்ஷன்ல சிக்னல் ஊசி பின்னாடி போயிருந்துச்சு. யுபிஇசி வாங்கி மாட்டியாச்சு, இப்ப நிக்கல. எல்லாருக்கும் நன்றி.

வயரிங்மணி:
நல்லது. சிவப்பு கம்பியை எடுத்தீங்களா? ப்ராப் என்ன அளவு?

ஃபோம்போர்டு_ரவி:
ஃபெயில்சேஃப்ல (சிக்னல் போனா ரிசீவர் தானா செய்யறது) த்ராட்டில் பூஜ்யம் செட் பண்ணிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைச்சு ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க ப்ரோ. அதுவரைக்கும் ப்ராப் கழட்டியே இருக்கட்டும்.

வயரிங்மணி:
நீலவானம், சிவப்பு கம்பி?